பள்ளி பஸ்ஸில் பிள்ளைகள் ஒழுங்காக வர வேண்டுமென்றால்

பஸ்ஸில் ஒரே சத்தம், சீட்டுக்கு அடிதடி, பின்சீட்டில் சண்டை என்று புகார் வந்தால் பெரும்பாலான பள்ளிகள் செய்வது ஒன்றே ஒன்றுதான். மறுநாள் காலை ப்ரேயரில் மைக் பிடித்து மொத்தமாக ஒரு திட்டு. இரண்டு நாள் அடங்கியிருக்கும், மூன்றாம் நாள் அதே கூச்சல் திரும்பிவிடும், ஏனென்றால் பஸ்ஸுக்குள் எதுவுமே மாறியிருக்காது. யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, சாயங்காலம் பிள்ளைகள் பசியோடு ஏறுகிறார்கள், முக்கால் மணி நேரத்துக்கு அவர்களுக்குச் செய்ய ஒரு வேலையும் கிடையாது, டிரைவரை விட்டால் உள்ளே இருக்கிற ஒரே பெரியவரான, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் ஆயாம்மாவின் பேச்சுக்கு மதிப்பில்லை. இந்த நான்கையும் சரிசெய்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தானாகப் போய்விடும் என்பதுதான் கோவைப் பக்கம் பள்ளி வாகனப் பொறுப்பில் இருக்கும் என் அனுபவம். கண்டிப்பு, பெற்றோரை வரச்சொல்வது எல்லாம் மீதி கால்வாசிக்குத்தான். வாகனப் பொறுப்பாளர், பஸ்ஸில் கூட வரும் ஆசிரியர், ஆயாம்மா, பெற்றோர் எல்லோரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். பின்னால் ஒரு அலறல் கேட்டு டிரைவர் கண்ணாடியில் பார்த்து, யார் என்று தேடி, "டேய்" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டுத் திரும்பச் சாலையைப் பார்ப்பதற்கு மூன்று நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், 33 மீட்டர் தூரத்துக்கு அந்த பஸ்ஸை யாரும் பார்த்து ஓட்டவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் அந்த 33 மீட்டருக்குள் ஒரு டூவீலர், ஒரு நாய், யூ டர்ன் போடும் ஒரு ஆட்டோ மூன்றும் வந்துவிடும். அதனால் டிரைவர் ஓட்டும்போது பிள்ளைகளை அதட்டவே கூடாது, எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும். அவர் சாலையைப் பார்க்கட்டும். பிள்ளைகளைப் பார்க்க இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே ஒரு பள்ளி பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது, அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சிறப்பு விதிகள் வந்தன, பஸ்ஸில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே பள்ளி வேன் மோதி இரண்டாம் வகுப்புப் பையன் இறந்த பிறகு, முன்னும் பின்னும் கேமரா, சென்சார் என்று அந்த விதிகளில் மேலும் சேர்த்தார்கள். வருடாவருடம் மே மாதத்தில் ஆர்டிஓ, போலீஸ், வருவாய்த் துறை, கல்வித் துறை எல்லாம் சேர்ந்து பள்ளி பஸ்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, அவசர வழி திறக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, படிக்கட்டு எவ்வளவு உயரம் என்று பார்க்கிறார்கள். ஜூன் மாதம் அந்த வண்டிக்குள் பிள்ளைகள் ஏறிய பிறகு உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பள்ளிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

பஸ்ஸில் நடக்கும் சண்டைகளில் பாதி ஜன்னல் சீட்டுக்காக. அதனால் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே யாருக்கு எந்த சீட்டு என்று முடிவு செய்து, ஜன்னலுக்கு மேலே எண் ஒட்டி, பெயர்ப் பட்டியலை பஸ்ஸிலேயே வைத்துவிடுங்கள். முதல் வாரம் என்பது முக்கியம். ஜூலை வரை விட்டுவிட்டால் பெரிய பையன்கள் கடைசி சீட்டைப் பிடித்து அது அவர்களுடைய இடம் என்று ஆகிவிடும், அதற்குப் பிறகு நகர்த்துவது பெரும்பாடு.

யாரை எங்கே உட்காரவைப்பது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எல்கேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை முன்பக்கம், ஆனால் முதல் சீட்டில் வேண்டாம், பிரேக் போட்டால் முன்னால் பிடிமானம் இல்லாத இடம் அது. மூன்று முதல் ஐந்து வரை நடுவில். எட்டு, ஒன்பது, பத்து பிள்ளைகளை ஒரே கும்பலாகப் பின்னால் அனுப்புவதுதான் வழக்கம், அதைத்தான் நான் மாற்றச் சொல்வேன். பெரிய பிள்ளைகளில் பொறுப்பானவர்கள் நான்கைந்து பேரைப் பிரித்து, சின்னப் பிள்ளைகளின் வரிசைகளுக்கு இடையில் ஆளுக்கொரு இடமாக உட்காரவையுங்கள். ஒன்பதாவது படிக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த யூகேஜி குழந்தை அப்படியே அடங்கிவிடும், அந்தப் பெண்ணுக்கும் தான் பெரியவள் என்ற நினைப்பு வரும். கடைசி வரிசையில் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கலந்து வையுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை விஷயத்தில் ஒரே விதி ஒத்துவராது. சிலர் சேர்ந்து உட்கார்ந்தால் நிம்மதியாக வருவார்கள், சிலர் வீட்டுச் சண்டையின் மிச்சத்தை பஸ்ஸில் தொடருவார்கள், அம்மாவைக் கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

ஜன்னல் சீட்டை நிரந்தரமாக யாருக்கும் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை வந்தால் ஜோடிக்குள் இடம் மாறிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். "போன வாரம் நீ, இந்த வாரம் நான்" என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும் நியாயம். ஆயாம்மா தீர்ப்புச் சொல்ல வேண்டிய வேலையே இருக்காது.

இன்னொன்று. வழக்கமான பஸ் எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்று வாங்கப் போகும், பஞ்சராகும், அன்றைக்கு இரண்டு ரூட்டுப் பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் ஏற்றுவார்கள். வருடத்திலேயே அதிகமாகச் சண்டை வரும் நாள் அதுதான், மூன்று பேர் சீட்டில் நான்கு பேர், தெரியாத முகங்கள், எந்த சீட்டும் யாருடையதும் இல்லை. அளவுக்கு மேல் ஏற்றுவதே தவறு, ஆபத்தும் கூட, அதற்குப் பதில் ஒரே பஸ்ஸை இரண்டு டிரிப் அடித்துவிடுங்கள், பெற்றோருக்கு முன்கூட்டியே மெசேஜ் போட்டால் அரை மணி நேரத் தாமதத்தை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள்.

விதி மூன்று போதும்

பல பஸ்களில் "செய்யாதே செய்யாதே" என்று பத்துப் பதினைந்து வரி ஒட்டியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. மூன்று சொன்னால் போதும். பஸ் நிற்கும்வரை உட்கார்ந்திரு. கையும் தலையும் ஜன்னலுக்கு உள்ளே. பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்கும் அளவு பேசு. மூன்றுமே என்ன செய்ய வேண்டும் என்று சொல்கின்றன, கவனித்துப் பாருங்கள். "கத்தாதே" என்று சொன்னால் பிள்ளைக்கு எவ்வளவு சத்தம் சரி என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும் என்றால் தெரிந்துவிடும்.

சொன்னால் மட்டும் வராது, பழக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒரு நாள் மதியம் பஸ்ஸை மைதானத்தில் நிறுத்தி, ரூட் வாரியாகப் பிள்ளைகளை ஏற்றி, வரிசையாக ஏறுவது, பையை மடியிலோ காலடியிலோ வைப்பது, பஸ் நின்றதும் முன்வரிசை முதலில் எழுவது, இறங்கி நடப்பது என்று ஒரு பீரியட் முழுக்கச் செய்துபாருங்கள். அவசர வழியையும் திறந்து காட்டுங்கள், பெரிய பிள்ளைகளை ஆயாம்மா பிடித்துக்கொள்ள ஒவ்வொருவராக இறங்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது திருவிழா மாதிரி. அப்புறம் ஒரு நல்ல பலனும் உண்டு, அந்தக் கைப்பிடி எதற்கு என்று தெரிந்துகொண்ட பிறகு சும்மா அதை ஆட்டிப் பார்க்கும் ஆசை போய்விடுகிறது.

இறங்குவதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கிப் பழக்க வேண்டும். பள்ளி வாகன விபத்துகளில் பல, பிள்ளை இறங்கிய பிறகு அதே வண்டியால் நடப்பவை. பஸ்ஸின் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலும் பம்பருக்கு நேர் முன்னாலும் நிற்கும் குட்டையான பிள்ளை டிரைவரின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இறங்கியதும் பஸ்ஸை விட்டு விலகி நிற்க வேண்டும், பஸ்ஸுக்கு அடியில் எது விழுந்தாலும் எடுக்கக் குனியக் கூடாது, எதையாவது பஸ்ஸில் விட்டுவிட்டால் திரும்பி ஓடிவரக் கூடாது, மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். எதிர்ப்பக்கம் வீடு என்றால் ஆயாம்மா இறங்கிக் கைப்பிடித்துக் கடத்திவிட வேண்டும், அதுவரை பஸ் நகரக் கூடாது. துப்பட்டா, பையின் வார், தண்ணீர் பாட்டில் கயிறு இவை கதவில் மாட்டுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும்.

ஆயாம்மாவுக்கு அதிகாரம் கொடுங்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். குறைந்த சம்பளம், காலை ஆறு மணிக்கு டிப்போவில் நிற்க வேண்டும், நடுவில் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலை, சாயங்காலம் மறுபடி பஸ். பெற்றோர் ஜன்னலுக்கு வெளியே நின்று அவரிடம் குரல் உயர்த்துவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஆசிரியர்கள் "ஏய் ஆயா" என்று கூப்பிடுவதைக் கேட்கிறார்கள். அதன் பிறகு அவர் சொல்வதைக் கேள் என்றால் ஆறாம் வகுப்புப் பையன் ஏன் கேட்பான்?

பள்ளி திறந்த வாரத்தில் ப்ரேயரில் ஒவ்வொரு ரூட்டின் டிரைவரையும் உதவியாளரையும் மேடைக்கு அழைத்து, தலைமை ஆசிரியரே பெயர் சொல்லி அறிமுகப்படுத்தட்டும். பஸ்ஸுக்குள் இவர்கள் சொல்வது நான் சொல்வது மாதிரி என்று ஒரு வரி சொன்னால் போதும், அந்த ஒரு வரி வருடம் முழுக்க வேலை செய்யும். அடையாள அட்டையும் சீருடையும் கொடுங்கள். பெயரோடு அக்கா என்றோ அம்மா என்றோதான் பிள்ளைகள் கூப்பிட வேண்டும், ஆசிரியர்களும் அப்படியே. அவர் எழுதிக்கொடுக்கும் புகாரை அன்றைக்கே ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்து என்ன செய்தோம் என்று அவருக்குத் திரும்பச் சொல்ல வேண்டும், பெரும்பாலான பள்ளிகளில் நடக்காமல் போவது இந்தக் கடைசிப் பகுதிதான், அதனால்தான் இரண்டு மாதத்தில் அவரும் கண்டும் காணாமல் இருக்கப் பழகிவிடுகிறார்.

அவர் உட்காரும் இடத்தையும் மாற்றுங்கள். வழக்கமாகக் கதவுக்குப் பக்கத்தில் டிரைவரோடு பேசிக்கொண்டு உட்காருவார்கள். ஸ்டாப்பிங் நெருங்கும்போது மட்டும் கதவுக்கு வரட்டும், மற்ற நேரம் நடுவிலிருந்து சற்றுப் பின்னால் இருக்கும் சீட்டில் இருக்க வேண்டும். அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்தாலே கடைசி சீட்டின் சத்தம் பாதியாகும்.

எப்படிப் பேசுவது என்றும் கொஞ்சம் பழக்கிவிடலாம். முன்னால் நின்றுகொண்டு எல்லோரையும் சேர்த்துக் கத்தினால் யாரும் தன்னைச் சொல்வதாக நினைக்க மாட்டார்கள். பக்கத்தில் போய், பெயர் சொல்லி, மெதுவான குரலில், செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். "கவின் கண்ணு, கையை உள்ளே எடுத்துக்க." எடுத்ததும் "சரி சாமி" என்று ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து ஆயாம்மாக்களுக்கு இந்தக் கண்ணும் சாமியும் இயல்பாகவே வரும், அதைச் சத்தமில்லாமல் சொல்லப் பழகினால் போதும்.

சாயங்கால டிரிப்

காலையில் பாதித் தூக்கத்தில் வருவார்கள், பெரிய தொல்லை இருக்காது. சாயங்காலம்தான் எல்லாம். மதியம் சாப்பிட்டது எப்போதோ செரித்துவிட்டது, எட்டு பீரியட் அடங்கி உட்கார்ந்த உடம்பு. ஏறுவதற்கு முன் பத்து நிமிடம் கொடுங்கள். ஷெட்டில் ரூட் வாரியாக உட்காரவைத்து, கொண்டுவந்த கடலை மிட்டாய், முறுக்கு, வாழைப்பழம் எதையாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய்வந்து பிறகு ஏறட்டும். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்த நினைத்தால் அடுத்த முக்கால் மணி நேரம் கையைவிட்டுப் போய்விடும். ஓடும் பஸ்ஸில் சாப்பிடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். குப்பை விழுவது சின்ன விஷயம். திடீரென்று பிரேக் போட்டால் சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், ஓடும் வண்டியில் யாரும் அதைக் கவனிப்பதற்குள் நேரம் போய்விடும்.

புறப்பட்ட முதல் பதினைந்து நிமிடத்துக்கு ஏதாவது ஒரு விளையாட்டு வேண்டும். எங்கள் ரூட்டுகளில் நன்றாக ஓடுவது நம்பர் பிளேட் விளையாட்டு. எதிரே வரும் வண்டியின் எண்ணைப் பார்த்து ஊர் சொல்ல வேண்டும். டிஎன் 37 கோவை தெற்கு, 38 கோவை வடக்கு, 66 கோவை மத்தி, 41 பொள்ளாச்சி, 40 மேட்டுப்பாளையம், 43 ஊட்டி, 39 திருப்பூர் வடக்கு. கேரள வண்டிகளும் நிறைய வரும், கேஎல் 09 என்றால் பாலக்காடு, 08 என்றால் திருச்சூர். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் டிசம்பருக்குள் பாதித் தமிழ்நாட்டை மனப்பாடமாகச் சொல்வார்கள். இன்னும் சின்னவர்களுக்குக் கடைசி நான்கு எண்ணைக் கூட்டச் சொல்லலாம். தலையை உள்ளே வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் கணக்கில் சேரும் என்று ஒரு விதி வைத்துவிடுங்கள், தலையை நீட்டும் பழக்கம் அதிலேயே அடங்கும்.

விடுகதை நல்லது. பாட்டுக்குப் பாட்டும் போடலாம், ஆனால் முன்பக்கம் ஒரு அணி பின்பக்கம் ஒரு அணி என்று பிரிக்காதீர்கள், போட்டி வந்ததும் சத்தம் இரண்டு மடங்காகிவிடும். நான்கு நான்கு பேராகச் சேர்ந்து மெதுவாகப் பாடட்டும். டிரைவர் போடும் சினிமாப் பாட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். குத்துப்பாட்டைச் சத்தமாக வைத்தால் பிள்ளைகள் அதற்கு மேல் கத்திப் பேசுவார்கள், பின்னால் வரும் ஹாரன் டிரைவருக்குக் கேட்காது, வரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இரண்டாம் வகுப்புக் குழந்தை வீட்டில் போய் அதைப் பாடும்போதுதான் பெற்றோர் போன் செய்வார்கள். காலையில் பாட்டே வேண்டாம். சாயங்காலம் வேண்டுமென்றால் பள்ளியே தேர்ந்தெடுத்த பாட்டுகள், குறைந்த சத்தத்தில்.

சில நாட்களுக்குத் தனியாகத் திட்டமிட வேண்டும். தீபாவளி, பொங்கல் லீவுக்கு முந்தைய சாயங்காலம், விளையாட்டு விழா நாள், முழு ஆண்டுத் தேர்வின் கடைசி நாள். கடைசித் தேர்வு முடிந்ததும் இங்க் தெளிப்பது, பேப்பரைக் கிழித்து ஜன்னல் வழியாகப் பறக்கவிடுவது எல்லாம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அன்றைக்கு ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு ஆசிரியர் கூடப் போகட்டும், ஏறும்போதே இங்க் பேனாவை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அந்த உற்சாகத்துக்கு மைதானத்திலேயே அரை மணி நேரம் இடம் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

தப்பு நடந்தால்

ஓடும் பஸ்ஸில் பஞ்சாயத்து வேண்டாம். அடிதடி என்றால் டிரைவர் பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டட்டும், ஆயாம்மா இருவரையும் பிரித்து வேறு வேறு வரிசையில் உட்காரவைக்கட்டும், யார் மேல் தப்பு என்று அங்கே விசாரிக்க வேண்டியதில்லை. என்ன நடந்தது என்று இரண்டு வரி நோட்டில் எழுதினால் போதும். மறுநாள் பள்ளியில் வகுப்பு ஆசிரியர் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசட்டும். முதல் தடவை பேச்சோடு விடலாம், இரண்டாவது தடவை ஒரு வாரம் ஆயாம்மாவுக்குப் பக்கத்து சீட்டு, அதற்கும் மேலே போனால் பெற்றோர். இந்த வரிசையை ஜூன் மாதமே எல்லோருக்கும் சொல்லிவிட்டால், பெரிய இடத்துப் பிள்ளைக்கு ஒரு நியாயம் மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்ற பேச்சு வராது. அந்தப் பேச்சு வந்துவிட்டால் அப்புறம் எந்த விதியும் நிற்காது.

செய்யவே கூடாதவை சில உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை வழியில் இறக்கிவிடக் கூடாது. நிற்கவைத்துக் கூட்டிவரக் கூடாது, அது தண்டனை என்ற பெயரில் விபத்துக்கு ஏற்பாடு. அடிக்கக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனதை நோகடிப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. குறும்பு செய்யும் பிள்ளையை வீடியோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எத்தனை வருடம் அந்தப் பெயரோடு அதே பஸ்ஸில் வர வேண்டும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

நன்றாக நடந்துகொள்ளும் பிள்ளைகளை நாம் கவனிப்பதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாரம் இரண்டு வீட்டுக்காவது போன் செய்து, "உங்க பையன் இன்னைக்கு வாந்தி எடுத்த சின்னக் குழந்தைக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தான்" என்று சொல்லுங்கள். பள்ளியிலிருந்து போன் என்றாலே பயந்துபோகும் அம்மா சந்தோஷமாகிவிடுவார், பையனும் மறுநாள் வேறு மாதிரி வருவான். சாக்லேட், பரிசு எல்லாம் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், பரிசு நின்ற நாளில் ஒழுங்கும் நின்றுவிடுகிறது. பொறுப்புக் கொடுங்கள். கடைசி ஸ்டாப்பிங் வரை வரும் பிள்ளைக்கு, விட்டுப்போன டிபன் பாக்ஸ், பாட்டில் எல்லாம் பஸ் நின்ற பிறகு எடுத்து ஆயாம்மாவிடம் கொடுக்கும் வேலை. இன்னொருவருக்கு நம்பர் பிளேட் விளையாட்டை நடத்தும் வேலை. அதிகம் குறும்பு செய்யும் பிள்ளைக்கே முதலில் கொடுத்துப் பாருங்கள். கதவு பக்கம் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் வேலை கொடுக்காதீர்கள்.

குறும்பு மாதிரித் தெரியும் எல்லாம் குறும்பு இல்லை. வளைவில் வாந்தி வரும் பிள்ளை அழுது ஆர்ப்பாட்டம் செய்யும், மற்றவர்கள் கேலி செய்வார்கள், மறுநாள் பஸ் ஏறவே மறுக்கும். முன்பக்கத்தில், காற்று வரும் சீட்டு, கையில் ஒரு கவர், ஏறுமுன் வயிறு முட்டச் சாப்பிடாமல் இருப்பது இவையே போதும். ஆட்டிசம் இருக்கும் பிள்ளைக்குச் சத்தமும் கூட்டமும் தாங்காது, காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் அது அடங்காப்பிடாரித்தனம் ஆகாது. தினமும் அதே சீட்டு, அதே பக்கத்துத் துணை, டிரைவரோ ஆயாம்மாவோ மாறினால் முந்தின நாளே வீட்டுக்குத் தகவல், இந்த மூன்றையும் தவறவிடாதீர்கள்.

பெற்றோருக்கு

"பஸ்ல எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு உன் பக்கத்துல யார் உட்கார்ந்தா? என்ன பேசிட்டு வந்தீங்க?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். நேற்றுவரை ஓடிப்போய் ஏறிய பிள்ளை திடீரென்று காலையில் வயிற்றுவலி என்கிறதா, நீங்களே கொண்டுவந்து விடச் சொல்கிறதா, ஸ்நாக்ஸ் டப்பா அடிக்கடி காணாமல் போகிறதா, சட்டை நனைந்து வருகிறதா? பின்சீட்டில் யாரோ தொல்லை கொடுக்கிறார்கள் என்பதற்கு இதெல்லாம் அடையாளம். சத்தம் போடும் பிள்ளைகளை எல்லோரும் பார்ப்பார்கள், சத்தமில்லாமல் ஒருவனை வாட்டுவதை யாரும் பார்ப்பதில்லை. பள்ளியும் இந்தப் புகாரைச் "சின்னப் பசங்க சண்டை" என்று தள்ளிவிடாமல் அன்றைக்கே சீட்டை மாற்ற வேண்டும், உள்ளே கேமரா இருந்தால் பதிவைப் பார்க்க வேண்டும்.

தொடக் கூடாத இடத்தில் யாராவது தொட்டதாகப் பிள்ளை சொன்னால், அது பெரியவராக இருந்தாலும் பெரிய வகுப்பு மாணவராக இருந்தாலும், பள்ளிக்குள் பேசி முடிக்கும் விஷயம் கிடையாது. போக்சோ சட்டப்படி தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 14417 தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் எண். இரண்டையும் பஸ்ஸுக்குள் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி வையுங்கள்.

வீட்டிலிருந்து செய்ய வேண்டியவை இன்னும் சில. பஸ் வரும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே ஸ்டாப்பிங்கில் நில்லுங்கள், பஸ்ஸைப் பார்த்து ஓடிவரும் பிள்ளை ரோட்டைப் பார்க்காது. ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவருக்குப் போன் செய்யாதீர்கள், ஆயாம்மாவின் எண்ணுக்குச் செய்யுங்கள். தாமதமாக வந்ததற்கு ஸ்டாப்பிங்கிலேயே பிள்ளைகள் முன்னால் டிரைவரிடம் சண்டை போடாதீர்கள், பள்ளிக்குப் போன் செய்து சொல்லுங்கள். "குறும்பு பண்ணா டிரைவர் அங்கிள்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று பயமுறுத்தாதீர்கள், ஒரு அவசரத்தில் அந்தப் பிள்ளை ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய ஆளே அவர்தான்.

கடைசியாக ஒரு வேலை, தினமும் இரண்டு முறை. பஸ் காலியானதும் ஆயாம்மா கடைசி சீட்டு வரை நடந்துபோய், ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்து, தூங்கிப்போன குழந்தை யாரும் இல்லை என்று நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டிரைவர் வண்டியைப் பூட்ட வேண்டும். அதே நோட்டில் சீட்டுப் பட்டியலையும், எந்தப் பிள்ளைக்கு என்ன கவனம் வேண்டும் என்பதையும், வீட்டு எண்களையும் ஒட்டி வையுங்கள். டிரைவரோ ஆயாம்மாவோ லீவு போட்ட நாளில் மாற்றுக்கு வருபவர் அந்த நோட்டைப் பார்த்தே ரூட்டை நடத்திவிடலாம்.